70 மைல் வேகத்தில் என்ன கேட்கும்?

காருக்கு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் எடுக்கிறார்கள். ஆளில்லாத பார்க்கிங் கட்டடம், பம்பருக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு கேமரா, உள்ளே இருப்பவர் ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை சுண்டிவிடுகிறார். கான்கிரீட் சுவரெல்லாம் அதிர்கிறது, பார்க்கிறவனுக்குப் புல்லரிக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாதக்கணக்கில் நானும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வண்டி வாங்கியதிலிருந்து நான் ஒரு நாள்கூட பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து அதை ஓட்டியதில்லை.

என்னுடையது 2015 மாடல் சுபாரு பி.ஆர்.இசட். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த வண்டி; டொயோட்டா பக்கம் இதற்கு 86 என்று பெயர். 1,998 சிசி, சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின், சிலிண்டரின் விட்டம் (போர்) 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் (ஸ்ட்ரோக்) அதே 86, 200 குதிரைசக்தி. எடை 1,250 கிலோவை ஒட்டி. வளைவில் திரும்பும்போது இந்தக் காசுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்பது என் கட்சி. ஆனால் சத்தம்? தையல் மெஷின். இது போதாதென்று கம்பெனிக்கே தோன்றியிருக்க வேண்டும். காற்று உள்ளே போகும் சத்தத்தை ஒரு குழாய் வைத்து டாஷ்போர்டு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். 2022 மாடலாக வந்த அடுத்த தலைமுறை வண்டியில் ஸ்பீக்கர் வழியாகவே சத்தம் சேர்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, கோபம் வந்துவிடும்.

ஆகவே எக்ஸாஸ்ட் மாற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தத் துண்டை மாற்றுவது என்பதில்தான் இழுபறி. இந்த வண்டியில் எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரும் வரிசை இப்படி: முதலில் நான்கு சிலிண்டரின் புகையையும் ஒன்றுசேர்க்கும் ஹெடர், அதற்குள்ளேயே புகையைச் சுத்தப்படுத்தும் முதல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், அடுத்து ஓவர்பைப் என்ற இணைப்புக் குழாய், அடுத்து இரண்டாவது கன்வர்ட்டர் அடங்கிய ஃப்ரன்ட் பைப், அதற்குப் பிறகு வருவதெல்லாம் கேட்-பேக், அதாவது நடு பைப், சில சுருதிகளை அடக்கும் ரெசனேட்டர், சைலன்சர், வெளியே தெரியும் இரண்டு முனைகள். இதில் பவர் இருப்பது முன்னால், சத்தம் இருப்பது பின்னால். கடைக்காரர்கள் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்கிறார்கள்.

### பவர் என்ற பேச்சு

இந்த எஞ்சினுக்கு ஒரு பிரபலமான குறை உண்டு. 3,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 3,000 சுற்று) தாண்டியதும் டார்க் (இழுவை) வரைபடம் ஒரு பள்ளத்தில் இறங்கி, 4,500 வாக்கில்தான் மறுபடி ஏறும். ஊருக்குள் ஓட்டுகிறவன் எந்நேரமும் புழங்கும் இடம் அது. ஹெடரை மாற்றி, அதற்கேற்ப எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவை டியூன் செய்தால் பள்ளம் பெருமளவு நிரம்பும். இது விளம்பரப் பேச்சல்ல, காரணம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அழுத்த அலை ஒன்று பைப்பில் பாய்கிறது. பைப்புகள் ஒன்றுசேரும் இடத்தில் திடீரென்று விசாலமானதும், அங்கிருந்து உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வருகிறது. அது சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்து வெளியே தள்ளி, புதுக் காற்றுக்கு வழிவிடும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பைப்பின் நீளம். நான்கு பைப் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் ஹெடர் நடு ஆர்பிஎம்மில் உதவும். நான்கும் ஒரே இடத்தில் சேருவது பொதுவாக மேல்முனையில் உதவும்.

கேட்-பேக்கில் இந்தக் கதை அவ்வளவாக எடுபடாது. டர்போ இல்லாத 200 குதிரைசக்தி எஞ்சினுக்கு இரண்டரை அங்குல பைப் தாராளம். மூன்று அங்குலம் போட்டால் பவர் கொட்டும் என்று சொல்கிறவர்களிடம், பவரை அளக்கும் டைனோ மெஷின் தரும் காகிதத்தைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். எதிர்த் தரப்பில் இன்னொரு கூட்டம், "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்", அதாவது புகை போகும் வழியில் கொஞ்சம் தடை வேண்டும் என்று சத்தியம் செய்யும். ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100 சைலன்சரைக் குடைந்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த நம்பிக்கை ரத்தத்தில் ஊறியது. அந்த டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிற்றிலிருந்து திரும்பும் அழுத்த அலைதான், வெளியே ஓடிவிட்ட பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அதைத் திறந்துவிட்டால் இழுவை போய்விடும். அந்த அனுபவத்தை அப்படியே ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குத் தூக்கி வந்ததில் பிறந்த சித்தாந்தம் இது என்பது என் ஊகம். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு வேண்டியது அலை சரியான நேரத்தில் வருவதும், புகை வேகம் குறையாமல் போவதும். அடைப்பு எந்த எஞ்சினுக்கும் நல்லதல்ல.

### மான்டெரே போன வழி

நண்பன் ஒருவன் இதே வண்டி வைத்திருக்கிறான், மதுரைக்காரன், சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கம். பெயர் போன ஒரு கம்பெனியின் மூன்று அங்குல கேட்-பேக்கைப் போட்டுவிட்டு, "மச்சி, ஒரு ரைடு வா, அப்புறம் பேசு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். மான்டெரே பக்கம் இருக்கும் லகூனா செக்கா ரேஸ் டிராக்கில் அவனுக்கு ஒரு டிராக் டே, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள், வந்தது. கூடப் போனேன்.

அதிகாலையில் அவன் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பியதுமே முதல் பாடம் ஆரம்பித்துவிட்டது. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டர், சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை (ஐடில்) ஏற்றி, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி, வேண்டுமென்றே சூட்டை எக்ஸாஸ்ட்டுக்குள் அனுப்பும். வண்டி வாழ்நாளில் மிகக் கரகரப்பாகச் சத்தம் போடும் நேரம் அதுதான், அதுவும் தெரு தூங்கிக்கொண்டிருக்கும்போது. எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நல்ல மனுஷன்" என்றான் நண்பன். ஒன்றும் சொல்லாதவர்கள்தான் எனக்குப் பயம்.

101 ஃப்ரீவேயில் தெற்கே திரும்பினோம். 60 மைலில் பிரச்சினை இல்லை. 68, 70 வந்ததும் காருக்குள் ஏதோ ஒன்று நுழைந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. காதுக்குள் பஞ்சை வைத்து யாரோ விட்டுவிட்டு அழுத்துவதுபோல், "ம்ம்ம்" என்று ஒரு அமுக்கம். பின்பக்கக் கண்ணாடி அதில் நடுங்கியது, அதில் தெரிந்த லாரியின் ஹெட்லைட் இரண்டும் கலங்கிப்போய்த் தெரிந்தன. நண்பன் என்னவோ சொன்னான், உதடு அசைந்தது தெரிந்தது. பாட்டைக் கூட்டினான். 76-க்குப் போனதும் அமுக்கம் விலகியது, பாட்டு மட்டும் அலறியது. முன்னால் வண்டிகள் சேர்ந்து மறுபடி 70-க்கு இறங்கியதும் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. கில்ராய் தாண்டும்போது கவனித்தேன்: அவன் ஒன்று 64-இல் போகிறான், இல்லையென்றால் 77-இல் போகிறான். எல்லோரும் ஓட்டும் வேகத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறான். கேட்டதற்கு, "அதெல்லாம் பழகிடும்டா" என்றான். தலைவலி மாத்திரை கப் ஹோல்டரில் இருந்தது.

டிராக்கில் அதே வண்டி வேறு பிறவி. பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து ஒரு சுற்று வந்தேன். 5,000-இலிருந்து 7,000 வரை அந்த எக்ஸாஸ்ட் பாடியதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வீடியோவில் கேட்டது பொய்யில்லை. ஆனால் லகூனா செக்காவில் சுற்றுவட்டார வீடுகளுக்காகச் சத்தக் கட்டுப்பாடு உண்டு. சாதாரண டிராக் டே என்றால் பெரும்பாலும் 90 டெசிபல், சில நாள் 92. ஐந்தாவது வளைவிலிருந்து ஆறாவதுக்கு ஏறும் மேட்டில், எல்லோரும் முழு ஆக்சிலரேட்டரில் இருக்கும் இடமாகப் பார்த்து, மைக் வைத்து அளக்கிறார்கள். நண்பனுக்குக் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டார்கள். மீதி நாள் முழுக்க அந்த மேட்டில் மட்டும் காலைத் தூக்கி ஓட்டினான். டிராக்கில் காலை எடுக்கக்கூடாத இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே பலபேர் சைலன்சர் முனையில் ஒரு வளைந்த குழாயை மாட்டி, சத்தத்தை மைக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அடுத்த தடவைக்கு அதை வாங்குவதாகச் சொன்னான்.

### கணக்கு

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்தேன். இந்த வண்டியின் மேனுவல் கியர்பாக்ஸில் ஆறாவது கியர் 0.767, ஃபைனல் டிரைவ் 4.1. டயர் 215/45 ஆர்17, சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கி வகுத்தால் 70 மைலில், அதாவது மணிக்கு 112 கிலோமீட்டரில், எஞ்சின் சுற்றுவது கிட்டத்தட்ட 3,000 ஆர்பிஎம். நொடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். ஆக நொடிக்கு 100 துடிப்பு, 100 ஹெர்ட்ஸ். மூடிய காரின் உள்ளறையும் தகரமும் கண்ணாடியும் சேர்ந்து எதிரொலிக்கும் தாழ்ந்த சுருதி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நண்பனை உலுக்கியது அதுதான். இங்கே இதை டிரோன் என்கிறார்கள்.

இதற்குமேல் நான் கண்டுகொண்ட விஷயம்தான் என் எண்ணத்தை மாற்றியது. எக்ஸாஸ்ட் விளம்பரத்தில் போடும் டெசிபல் எண் பெரும்பாலும் 'ஏ' அளவுகோலில் எடுத்தது. மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதி மந்தமாகக் கேட்கும் என்பதால் அந்த அளவுகோல் கீழ்ச்சத்தத்தைக் கழித்துக்கொண்டே வரும். 100 ஹெர்ட்ஸில் அது கழிப்பது 19 டெசிபல். அதாவது காருக்குள் 95 டெசிபலில் அமுக்கிக்கொண்டிருக்கும் டிரோன் மீட்டரில் 76 என்று சாதுவாகக் காட்டும். செல்போன் மைக்கோ கீழ்ச்சத்தத்தைப் பாதிக்குப் பாதி விழுங்கிவிடும், மிச்சத்தைத் தானாகவே சமன்படுத்திவிடும். செல்போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் சரியாக வரவே வராது. ஆக ஒரு எக்ஸாஸ்ட்டோடு தினமும் குடித்தனம் நடத்த முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் அந்த ஒரே சத்தத்தை, எந்த எண்ணும் எந்த வீடியோவும் நமக்குச் சொல்ல முடியாது. ஏமாற்று வேலை என்று யாரையும் சொல்லவில்லை. அளக்கும் கருவியே அதை விட்டுவிடுகிறது.

கலிஃபோர்னியா சட்டத்து எண்ணிலும் இதே விஷயம். சின்ன வண்டிகளுக்கு 95 டெசிபல் எல்லை. வண்டியை நிறுத்தி வைத்து, முனையிலிருந்து 20 அங்குலத்தில் மைக் வைத்து, அதிகபட்ச பவர் வரும் ஆர்பிஎம்மில் முக்கால் பங்குக்கு ஏற்றி அளப்பது. நம் எஞ்சினுக்கு அது 5,250. சுமை இல்லாமல் சும்மா சுற்றும் எஞ்சின் அது. அதில் தேறிய எக்ஸாஸ்ட் மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் எப்படிக் கத்தும் என்பதற்கும், ஃப்ரீவேயில் எப்படி முனகும் என்பதற்கும் அந்தச் சான்றிதழில் பதில் கிடையாது.

### நாலடி பைப்

நண்பன் கடைசியில் சான் ஹோசேயில் ஒரு சைலன்சர் வெல்டிங் கடைக்குப் போனான், நானும் போனேன். கடைக்காரர் வயதானவர், வண்டியைத் தூக்குவதற்கு முன்பே ஒரே கேள்வி கேட்டார்: "எந்த வேகத்தில்?" நண்பன் 70 என்றான். "கியர்?" ஆறு. "டேகோமீட்டர்?" மூவாயிரம். சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டார், காலடியால் அளந்தார், கிட்டத்தட்ட நாலடி.

அதன் கணக்கு எளிதுதான். சூடான எக்ஸாஸ்ட் புகையில் ஒலியின் வேகம் சாதாரணக் காற்றைவிட அதிகம், வண்டியின் நடுப்பகுதியில் நொடிக்கு 450 மீட்டர் வாக்கில் வைத்துக்கொள்ளலாம். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலரை மீட்டர், அதில் கால் பங்கு 1.1 மீட்டருக்குச் சற்று மேல். மறுமுனை அடைத்த ஒரு கிளைப் பைப்பை அந்த நீளத்தில் ஒட்டவைத்தால், அதற்குள் போய் மோதித் திரும்பும் அலை அரைச் சுழற்சி பின்தங்கி வந்து, மெயின் பைப்பில் வரும் அதே சுருதியை அடித்துச் சாய்த்துவிடும். வேறு சுருதிகளை அதிகம் தொடாது. "ஒரு பக்கம் அடைச்ச பைப்பா? இதுக்கா காசு?" என்று நண்பன் என் காதில் முனகினான்.

பெரியவர் பைப்பைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டினார். ரெசனேட்டருக்கு முன்னால் ஓட்டை போட்டு, ஒட்டி, டிஃபரன்ஷியலைச் சுற்றி வளைத்து, கடைசி முனையை வெல்ட் செய்யாமல் ஒரு மூடியை கிளாம்ப் போட்டு மட்டும் நிறுத்தினார். ஃப்ரீவேயில் ஒரு ஓட்டம் போய் வரச் சொன்னார். 66-இல் டிரோன் அடங்கியிருந்தது, ஆனால் 70-இல் இன்னும் மிச்சமிருந்தது. நீளம் அதிகமென்றால் அடங்கும் சுருதியும் கீழே போய்விடும் அல்லவா. இரண்டு விரல் அகலம் வெட்டினார். மறுபடி ஓட்டம். அப்புறம் இன்னும் கொஞ்சம். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார், ஏனென்றால் புகையின் சூடு மாறினால் ஒலியின் வேகமும் மாறும், கணக்கும் மாறும். சாயங்காலம் முனையை டிக் வெல்டில் அடைத்தார். வாங்கிய எக்ஸாஸ்ட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது சொற்பம்.

திரும்பி வரும்போது 70-இல் நாங்கள் பேசிக்கொண்டு வந்தோம். வேலை, விசா, ஊரில் வீடு கட்டும் கதை.

### நான் வாங்கியது

ஹெடரைத் தொடவில்லை. ஆசை இல்லாமலில்லை. கலிஃபோர்னியாவில் கன்வர்ட்டரையோ அதற்கு முன்னால் இருப்பதையோ மாற்றினால், அந்தப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். 'பந்தயத்துக்கு மட்டும்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அந்த எண் இல்லை என்று அர்த்தம். 2000-க்குப் பின் வந்த வண்டிகளுக்கு ஸ்மாக் (வண்டிப் புகை) சோதனையில் வால் பக்கம் குழாயைச் சொருகுவதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிறார்கள், அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து ஈசியூவில் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அதனால் "ஸ்மாக் வரும்போது பழையதை மாட்டிக்கலாம்" என்ற பழைய யோசனை பாதிதான் செல்லும். 3,500-இல் இழுவை வேண்டுமென்றால் ஒரு கியர் இறக்கிக்கொள்கிறேன். மேனுவல் வாங்கியது எதற்கு?

கேட்-பேக்குக்கு இந்த அனுமதி எண் தேவையில்லை, கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதால். அங்கே என் விருப்பம் குறுகிப்போனது: இரண்டரை அங்குலம், 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் பெரிய ரெசனேட்டர், பின்னால் நேர்வழிச் சைலன்சர். 409 ஸ்டீல் விலை குறைவு, ஆனால் குரோமியம் பதினோரு சதவீத அளவுதான், மேலே துரு படியும். இங்கே பனியும் உப்பும் இல்லை என்பதால் அது பெரிய பாவமில்லை. டைட்டானியம் ஸ்டீலைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் லேசு, சூட்டில் நீலமும் ஊதாவுமாக மாறும், பார்க்க அழகோ அழகு. ஆனால் மெல்லிய தகடு என்பதால் சத்தத்தில் ஒரு தகரத்தனம் வந்துவிடுகிறது என்பது நான் கேட்ட வண்டிகளை வைத்து என் அபிப்பிராயம். நான் தேர்ந்த இரண்டரை அங்குல ஸ்டீலை வாங்குவதற்கு முன்னால் அதே எக்ஸாஸ்ட் மாட்டிய ஒருவரின் வண்டியில் பின்சீட்டில், சைலன்சருக்கு நேர் மேலே, காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு 280 ஃப்ரீவேயில் ஒரு மேட்டுப் பகுதியில் போய் வந்தேன். லேசான ஏற்றம், பாதி ஆக்சிலரேட்டர், ஆறாவது கியர், 65-இலிருந்து 75 வரை மெதுவாக. டிரோன் இருந்தால் அங்கே தலைகாட்டாமல் இருக்க முடியாது. வண்டிக்காரர் நான் ரீவ் பண்ணச் சொல்லுவேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது, இறங்கும்போது அவரே ஒரு தடவை ரீவ் பண்ணிக் காட்டினார்.

மாட்டிக்கொள்வதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விடுங்கள், ரப்பர் ஹேங்கருக்குச் சோப்புத் தண்ணீர், கேஸ்கெட்டைப் புதிதாகவே வாங்குங்கள். எல்லா இணைப்பையும் தளர்வாக மாட்டி, முனைகள் பம்பர் வெட்டுக்கு நடுவில் வந்த பிறகுதான் முறுக்க வேண்டும். பழைய எக்ஸாஸ்ட்டை விற்காதீர்கள். கராஜில் இடத்தை அடைக்கும், வீட்டில் திட்டு விழும், இருக்கட்டும்.

நண்பன் வந்து ஓட்டிப் பார்த்தான். 101-இல் ஏறி 70-இல் கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் போனான். அப்புறம், "மச்சி, கேம்ரி மாதிரி இருக்குடா" என்றான். கேம்ரி டொயோட்டாவின் சாதுவான குடும்பக் கார். ரேம்ப்பில் இறங்கி இரண்டாவது கியரில் 7,000 வரை இழுத்துவிட்டு, "சரி, கேம்ரி இல்ல" என்றான். மூன்று அங்குலம்தான் சரி என்று இன்னமும் வாதாடுகிறான்.